இளையோர் நாவலில் நடைப்பிணங்கள்

கொல்லப்படுபவன் மனிதன் அல்லன் என்று முதலிலேயே தீர்ப்பளித்துவிட்டாற் கொலை குற்றமாகாது, விளையாட்டாகிவிடும். இறந்தோர் எழுந்து நடந்து, உயிருள்ளோரைக் கடித்துத் தம் இனமாக்கி, ஈற்றில் உலகையே வெறிதாக்கும் கதைகள் ஆங்கிலத்தில் இளையோருக்கென எழுதப்படத் தொடங்கியபோது, அவற்றின்மேற் சாற்றப்பட்ட குற்றங்களுட் சிந்திக்கத்தக்கது இஃதொன்றே. குருதியும் ஊனும் பற்றிய குறை பெரிதன்று. எம்மொழிக் காவியத்தின் போர்க்களத்திலும் அவை உள. ஆயிரம் பேரை வெட்டி வீழ்த்திய பின்னும் தலைவன் உள்ளத்திற் கறையொன்றும் படியாத கதையைப் பதினான்கு வயதுப் பிள்ளை மீண்டும் மீண்டும் படிப்பானாயின், மனிதரை மந்தையாகக் காணும் பழக்கம் அவனிடத்து வேரூன்றாதா என்பதே வினா.

2009 ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுக் காலத்தில் இவ்வகை நாவல்கள் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பெருந்தொகையாக வெளிவந்தன. அவற்றுட் பெரும்பாலானவை மேற்கூறிய வினாவைக் கனவிலும் எண்ணிப் பார்த்தனவல்ல. எனினும் ஐந்தாறு நூல்கள் அவ்வினாவையே தமக்கு உயிராகக் கொண்டன. அந்நூல்களை ஆராய்வதற்கு முன்னர், நடைப்பிணம் என்னும் இக்கற்பனை எங்கே பிறந்து எவ்வாறு திரிந்தது என்பதை அறிதல் வேண்டும். அதன் பிறப்பிலேயே அவ்வினாவுக்கு ஒரு விடை இருந்தது. நூற்பெயர்கள் ஈண்டுப் பொருள் விளங்கத் தமிழிற் பெயர்த்தே தரப்படுகின்றன.

‘ஜோம்பி’ என்னும் சொல்லை உலகறியச் செய்தது கரிபியன் கடலிலுள்ள ஹெயிற்றி நாடு. பிரான்சியர் ஆட்சியிற் சென் டொமிங் எனப்பட்ட அந்நாடு, சீனி விளைவித்து ஆண்டோருக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்த குடியேற்றம். அச்செல்வத்தை விளைவித்தவர் ஆபிரிக்காவிலிருந்து கப்பல்களில் ஏற்றிக் கொணரப்பட்ட அடிமைகள். கரும்புத் தோட்டத்தில் அவர்தம் ஆயுள் குறுகியது. இறந்தால் ஆன்மா முன்னோர் வாழ்ந்த ஆபிரிக்க மண்ணுக்கு மீண்டுவிடும் என்னும் நம்பிக்கையே அவர்களிற் பலருக்கு எஞ்சியிருந்த ஆறுதல். நடைப்பிணம் என்பது அவ்வாறுதலும் பறிபோன நிலை. மந்திரவாதி ஒருவனாற் புதைகுழியிலிருந்து எழுப்பப்பட்ட உடல், நினைவும் பேச்சும் அற்று, ஆண்டான் ஒருவனின் நிலத்தில் ஓயாது உழைக்கும். சாவினாலும் முடிவுறாத அடிமைத்தனம் அது. 1791 இற் கிளர்ந்தெழுந்த அடிமைகள் 1804 இல் தம் நாட்டை விடுவித்துக்கொண்ட பின்னரும் அவ்வச்சம் அம்மக்களின் கதைகளினின்றும் நீங்கவில்லை.

1915 முதல் 1934 வரை ஹெயிற்றி அமெரிக்கப் படையினரின் பிடியில் இருந்தது. அக்காலத்தில் அங்குச் சென்ற வில்லியம் சீபுரூக் என்னும் பயண எழுத்தாளர் 1929 இல் வெளியிட்ட ‘மாயத் தீவு’ என்னும் நூலே இக்கதையை அமெரிக்க வாசகரிடம் கொண்டு சேர்த்தது. பரபரப்பை நாடும் நூல் அது. கறுப்பின மக்களை நோக்கும் அதன் பார்வை ஏற்கத்தக்கதன்று. ஆயினும் அதில் வரும் கதையொன்று இத்துறை முழுவதற்கும் அளவுகோலாக வைத்தெண்ணத்தக்கது. அமெரிக்கச் சீனிக் கம்பனியொன்றின் வயலுக்கு இறந்தோர் சிலர் கரும்பு வேலைக்கெனக் கொண்டுவரப்படுகின்றனர். அவர்தம் கூலியை அவர்களைக் கொணர்ந்தவனே பெற்றுக்கொள்கிறான். உப்பில்லாத உணவே அவர்களுக்கு இடப்படும். பெண்ணொருத்தி இரங்கிக் கொடுத்த தின்பண்டத்தில் உப்புச் சேர்ந்திருந்தமையால், அதனைச் சுவைத்த கணமே தாம் இறந்தோர் என்பதை உணர்ந்து, தம் ஊரை நோக்கி நடக்கின்றனர். உற்றார் பெயர் சொல்லி அழைத்தும் நில்லாது சென்று தத்தம் புதைகுழியிற் சேர்கின்றனர். இக்கதையில் அஞ்சத்தக்கவன் இறந்தவனை வேலை கொள்பவன். இறந்தவனோ இரங்கத்தக்கவன். அவனுக்குப் பெயருண்டு, ஊருண்டு, அழைக்கும் உற்றாரும் உளர்.

தமிழ் வாசகர் இதனைத் தம் மரபிலுள்ள பேய்க்கதைகளோடு மயங்கலாகாது. பரணி நூல்களிற் கூழட்டு உண்ணும் பேய்களும், மணிமேகலையிலே சக்கரவாளக் கோட்டத்திற் காணப்படும் பேயும் பிணந்தின்பன. ஆயின் அவை பிணங்கள் அல்ல. வேதாளம் பிணத்தினுட் புகுவது. பிணம் தானாக எழுவதன்று. எனினும் உயிரிருந்தும் உள்ளம் செத்தவனை நடைப்பிணம் என்று கூறும் வழக்கு ஹெயிற்றியரின் கருத்துக்கு மிக அண்மையிலுள்ளது. ஆங்கிலச் சொல்லினும் தமிழ்ச்சொல்லே பழைய பொருளை நன்கு காத்து நிற்கிறது எனலாம்.

அமெரிக்கா இக்கதையைத் தலைகீழாக்கியது. அம்மாற்றத்திற்கு வித்திட்டவர் றிச்சட் மத்தீசன். 1954 இல் வெளிவந்த ‘நானே பழங்கதை’ என்னும் அவரது நாவலில் நுண்ணுயிரொன்றாற் பரவும் நோய் மனிதரை இரத்தக் காட்டேரிகளாக்குகிறது. எஞ்சிய ஒருவன் பகலெல்லாம் அவற்றைத் தேடிக் கொன்று, இரவெல்லாம் வீட்டை அடைத்துக்கொண்டு கிடக்கிறான். நோயோடு வாழக் கற்றுக்கொண்ட புதிய சமுதாயமொன்று உருவாகிவிட்டதையும், அதன் கண்ணில் உறங்குவோரைக் கொல்லும் அரக்கன் தானே என்பதையும் அவன் இறுதியில் அறிகிறான். கதையின் புறத்தோற்றத்தைக் கடன் வாங்கியோர் பலர். இம்முடிவைக் கடன் வாங்கியோர் அரியர்.

கடன் வாங்கியோருள் முதல்வர் திரைப்பட இயக்குநர் ஜோர்ஜ் ரொமேறோ. பென்சில்வேனியா மாநிலத்திற் சிறு தொகையிற் படமாக்கி 1968 இல் அவர் வெளியிட்ட ‘உயிர்ப்பிணங்களின் இரவு’ இத்துறையின் இலக்கணத்தை வகுத்தது. அப்படத்தில் ஜோம்பி என்ற சொல் ஓரிடத்தும் வருவதில்லை என்பது வியப்பானது. ஆண்டான் இங்கே மறைந்துவிட்டான். புதைகுழியும் உப்பும் மறைந்துவிட்டன. பெயரற்ற கூட்டமும், அக்கூட்டம் சூழ்ந்த வீடும், வீட்டினுள் ஒருவரோடொருவர் பூசலிடும் மாந்தருமே எஞ்சினர். ஆயினும் ரொமேறோ தாம் செய்ததை அறிந்தே செய்தவர். இரவெல்லாம் போராடிப் பிழைத்த கறுப்பின மனிதன் ஒருவன், காலையில் ஊரைத் துப்புரவு செய்ய வந்த துப்பாக்கியாளராற் பிணமென எண்ணப்பட்டுச் சுடப்படுகிறான். அவன் உடலும் ஏனைய பிணங்களோடு தீயிலிடப்படுகிறது. சுடத்தக்கவர், தகாதவர் எனப் பிரிக்கும் கோடு எத்துணை எளிதிற் பிறழும் என்பதை அவ்வொரு காட்சி உணர்த்திவிட்டது. அதே படத்தில் நிலவறையிற் கிடத்தப்பட்ட நோயுற்ற சிறுமி எழுந்து, தந்தையின் ஊனைத் தின்று, தாயையும் கொல்கிறாள். பெற்றோர் தம் பிள்ளைகளைக் கண்டு மிரண்ட காலத்தின் அச்சம் அது. நாற்பது ஆண்டுகளின் பின் இளையோருக்கென எழுதியோர் அதனை மறுபுறமாகத் திருப்பினர். பெற்றோரே பிணங்களாயினர், அவர் முன் நிற்பவர் பிள்ளைகள்.

அத்திருப்பத்தை முழுமையாகச் செய்தவர் ஆங்கிலேயரான சாளி ஹிக்சன். 2009 இல் வெளிவந்த அவரது ‘எதிரி’ என்னும் நாவலிற் பதினான்கு வயதைக் கடந்த அனைவரையும் ஒரு நோய் பற்றுகிறது. மாண்டவர் போக, எஞ்சியோர் சிறுவரை வேட்டையாடித் தின்னும் விலங்குகளாகின்றனர். இலண்டனின் வடபால் ஹொலோவேப் பகுதியிலுள்ள பேரங்காடியொன்றில் ஒளிந்து வாழும் சிறுவர் கூட்டம், வேறொரு கூட்டத்தோடு சேர்ந்து நகரின் நடுவே பக்கிங்காம் அரண்மனையை நோக்கிப் புறப்படுகிறது. இச்சிறுவர் தம்மைத் தின்ன வருவோரை எவ்வாறு குறிக்கின்றனர் என்பது ஊன்றிக் கவனித்தற்குரியது. பேய் என்றோ பிணம் என்றோ அவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஒரு தாய் வருகிறாள், ஒரு தந்தை வருகிறான் என்றே சொல்கின்றனர். உலகின் மிக இனிய இரு சொற்கள் இனப்பெயர்களாகி, அஞ்சத்தக்க விலங்கைச் சுட்டும் பெயர்களாகிவிட்டன. இதனினும் கொடிய கற்பனையை இத்துறையிற் காண்டல் அரிது. ஹிக்சன் இதனை ஒருபோதும் விளக்கிப் பேசுவதில்லை. விளக்காமையே அதன் வலிமை.

அரண்மனைப் பகுதியும் சிறந்தது. அங்குத் தலைவனாகிவிட்ட டேவிட் என்னும் சிறுவன், நோயால் அழுகிச் சிதைந்த அரச குடும்பத்தினரை அடைத்து வைத்துப் பேணுகிறான். அவர்களைக் காட்டித் தன் ஆட்சிக்கு முறைமை தேடிக்கொள்வது அவன் எண்ணம். பிணத்தை முன்னிறுத்தி அதிகாரம் செலுத்தும் இவன், ஹெயிற்றிக் கதையின் ஆண்டானைத் தன்னையறியாமலே மீட்டுக் கொணர்கிறான். எனினும் ஏழு நூல்களாக 2015 வரை நீண்ட இத்தொடர், இடையிலே தளர்ந்துவிட்டது. முதன்மை மாந்தரையும் தயங்காது சாகவிடுதல் முதல் நூலில் அதிர்ச்சி தந்தது; நான்காம் ஐந்தாம் நூல்களில் அது வழக்கமாகிவிட, வாசகன் எவரிடத்தும் அன்பு வைக்க அஞ்சுகிறான். அன்பற்ற இடத்தில் இழப்பும் இல்லை.

அதே ஆண்டில் அமெரிக்காவிற் கெரி றயன் வெளியிட்ட ‘கைகளும் பற்களும் நிறைந்த காடு’ முற்றிலும் வேறு இயல்பினது. கம்பி வேலி சூழ்ந்த சிற்றூர். வேலிக்கப்பால் எல்லையற்ற காடு. காட்டினுள் இரவும் பகலும் முனகியவாறு வேலியைப் பற்றி நிற்கும் இறந்தோர். ஊரை ஆள்பவர் கன்னியர் சபையினர். உலகில் எஞ்சிய ஊர் இதுவே என்பது அவர் போதனை. மேரி என்னும் பெண்ணுக்கோ கடல் என ஒன்றுண்டு என்று தாய் சொன்ன கதை நெஞ்சைவிட்டு அகலவில்லை. தாய், காட்டினுள் மறைந்துபோன தன் கணவனை வேலியோரத்தில் நாளும் தேடி, ஒருநாள் அணுகக்கூடாத அளவுக்கு அணுகிக் கடிபடுகிறாள். கடிபட்டவர் அப்பொழுதே மாண்டுவிடலாம், அல்லது மாறியபின் காட்டினுள் விடப்படலாம். அது ஊர் வழக்கு. தாய் காட்டையே தெரிந்துகொள்கிறாள். அவளுடைய தெரிவு அறியாமையா, கணவன்மேற் கொண்ட பற்றா என்று நூல் தீர்ப்புக் கூறாது விடுகிறது. இப்பகுதி நாவலின் முதற் சில அத்தியாயங்களிலேயே முடிந்துவிடுகிறது; அதன் பின் அந்த உயரத்தை நாவல் எட்டவில்லை. மணம் பேசப்பட்ட ஒருவனுக்கும் மனம் விரும்பிய ஒருவனுக்குமிடையே மேரி அலைவுறுவது அக்காலத்து இளையோர் நாவல்களின் சந்தைச் சரக்கு. அதற்கு அவ்வளவு பக்கங்களை ஒதுக்கியமை குறையே. வெளியுலகிலிருந்து வந்த பெண்ணொருத்தியைக் கன்னியர் மறைத்து வைத்து நடைப்பிணமாக்கிய செய்தி, வேலி எவரைக் காக்கின்றது, எதனை மறைக்கின்றது என்னும் வினாவை எழுப்புகிறது. ஆசிரியை அதனை எழுப்பிய வேகத்திலேயே விட்டுவிட்டு ஓட்டக் கதைக்குப் போய்விடுகிறார்.

முதலிற் கூறிய குற்றச்சாட்டிற்கு நேரிய மறுமொழி ஜொனதன் மேபெரியின் ‘அழுகலும் அழிவும்’ என்னும் நாவலிற் கிடைக்கிறது. 2010 இல் வெளிவந்த இந்நூல், இறந்தோர் எழுந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்த கலிபோர்னிய மலையூரொன்றில் நிகழ்கிறது. பதினைந்து வயதானோர் தொழிலொன்றைத் தேடிக்கொள்ளல் வேண்டும். இன்றேல் உணவுப் பங்கீடு பாதியாகும். பென்னி இமூரா என்னும் சிறுவன் தொழில் தேடி ஊரெங்கும் அலைகின்ற தொடக்க அத்தியாயங்கள் நகைச்சுவை மிக்கன. வேலி காப்போன், பூட்டுச் செய்வோன் ஆகியோரின் தொழில்களோடு, விந்தையானதொரு தொழிலும் அவ்வூரிலுண்டு. இறந்து அலைவோரின் பழைய படங்களைக் கொண்டு, இப்போது அவர் முகம் எவ்வாறு சிதைந்திருக்கும் என வரைந்து கொடுக்கும் ஓவியர் தொழில் அது. தம்மவரைத் தேடுவதற்கு உறவினர் அவ்வோவியங்களை வாங்குகின்றனர். ஒரு சமுதாயம் தன் துயரை எவ்வாறு தொழிலாகவும் வழக்கமாகவும் மாற்றிக்கொள்ளும் என்பதை இத்துணை எளிமையாகக் காட்டிய நூல் இவ்வகையில் வேறில்லை.

எத்தொழிலும் வாய்க்காமையாற் பென்னி தன் தமையன் டொம்மிடமே தொழில் பயிலச் செல்கிறான். டொம் நடைப்பிணங்களைக் கொல்பவன். ஊரார் கண்ணில் அவனும் ஏனைய வேட்டைக்காரரைப் போன்றவனே. பென்னிக்கு அவன்மீது பெருமதிப்பு இல்லை. கைக்குழந்தையாகத் தான் தமையன் கையிலிருக்க, அவன் தாயை விட்டுவிட்டு ஓடிய காட்சியே பென்னியின் முதல் நினைவு. தமையன் கோழை என்பது அவன் முடிவு. பென்னி போற்றுபவர், சிறுவர் சேர்த்து விளையாடும் வண்ண அட்டைகளிற் படமாக அச்சிடப்பட்ட பிற வேட்டை வீரர். வேலிக்கப்பாற் சென்ற பின்னரே உண்மை புலனாகிறது. அட்டைப் பட வீரர் நடைப்பிணங்களை வதைத்துக் களிக்கின்றனர். சிறுவரைப் பிடித்துச் சென்று பிணங்களோடு போரிடவிட்டுப் பந்தயங் கட்டுகின்றனர். டொம்மோ ஓவியத்தை வைத்துத் தேடிச் சென்று, குறித்த ஒருவரை மாத்திரம் கண்டுபிடித்து, அவர்தம் குடும்பத்தார் எழுதிக் கொடுத்த கடிதத்தை அவர்முன் படித்து, அதன் பின்னரே அவருக்கு இறுதியமைதி தருகிறான்.

கேட்கும் செவியற்ற பிணத்தின் முன் கடிதம் படிப்பதாற் பயனென்ன என்று பென்னிக்கு முதலில் விளங்குவதில்லை. வாசகருட் பலருக்கும் விளங்காது. சீபுரூக் கூறிய உப்பின் கதையை அறிந்தோருக்கு விளங்கும். பெயரும் ஊரும் உறவும் கொண்ட ஒருவனாக அவ்வுடலை ஒரு கணமேனும் மீட்டெடுத்து அதன் பின் புதைகுழிக்கு அனுப்புவதே கடிதத்தின் வேலை. பெயரற்ற கூட்டத்தை மீண்டும் தனித்தனி மனிதராக்கும் இச்செயல், ரொமேறோவுக்குப் பின் வந்த நாற்பதாண்டு வழக்கை ஒரே அசைவில் மறுத்துவிடுகிறது. இறுதியிற் சகோதரர் இருவரும் தாம் விட்டோடிய வீட்டிற்கே செல்ல நேர்கிறது. அங்கு நிகழ்வதைக் கூறிப் படிப்போரின் அனுபவத்தைக் கெடுத்தல் தகாது. தமையனைப் பற்றிய பென்னியின் முதல் நினைவு பொய்யன்று, ஆனால் முழுமையன்று என்பதை மாத்திரம் சொல்லலாம்.

இந்நூலிற் குறைகள் இல்லாமலில்லை. தீயோர் தீமையன்றி வேறெதுவும் அறியாதவர்; அவர் பேச்சும் தோற்றமும் மலிவான திரைப்படங்களை நினைவூட்டுவன. டொம்மின் வாட்பயிற்சி பற்றிய வியப்பு அளவு கடந்தது. தொடர்ந்து வந்த மூன்று நாவல்களிற் சண்டை பெருகக் கடிதம் சிறுத்துவிட்டது. ஆயினும் முதல் நூலைத் தனித்துப் படித்தால், கொலையைக் கற்பிக்கும் நூல் என்று அதனை எவரும் பழித்தல் இயலாது.

ஏனைய நூல்களுட் சில, வேறு வழிகளில் இவ்வினாவைத் தொட்டன. கனடா எழுத்தாளர் கோட்னி சமர்சின் ‘இது ஒத்திகையன்று’ என்னும் 2012 ஆம் ஆண்டு நாவலில் ஆறு மாணவர் தம் பாடசாலையிற் கதவடைத்துக் கிடக்கின்றனர். அவருள் ஸ்லோன் என்பவள், தந்தையின் அடிக்குத் தன்னை விட்டுவிட்டுத் தமக்கை போய்விட்டமையால், உலகம் அழிவதற்கு முன்னரே சாகத் துணிந்தவள். எல்லோரும் உயிரைக் காக்கப் போராடும் கதையில் உயிரை வேண்டாதவள் ஒருத்தியை நடுவில் வைத்தமை நுட்பமானது. பிணங்கள் பெரும்பாலும் கதவுக்கு வெளியேதான் நிற்கின்றன. ஐசக் மரியனின் ‘வெம்மையுடல்கள்’ நடைப்பிணத்தையே கதைசொல்லியாக்கியது. காதல் வந்ததும் இதயம் துடிக்கத் தொடங்குகின்ற அக்கதை இனிது, மிக இனிது, அதுவே அதன் குறை. டறன் ஷானின் பன்னிரண்டு நூற்றொடர் 2012 இல் தொடங்கியது. அதன் முதல் நூல் பெரிதும் பரபரப்புக்காக எழுதப்பட்டதெனினும், அதிலுள்ள ஓரிடத்தை எளிதில் மறத்தல் கூடாது. இனவெறி கொண்ட தந்தையின் கட்டளைக்குப் பணிந்து, தலைமைப் பாத்திரம் தன்னோடு படிக்கும் கறுப்பின மாணவனைப் பிணங்களின் முன் தள்ளிவிடுகிறது. உயிருள்ளோருக்கும் பிணங்களுக்கும் இடையே கோடு கீறும் கை, உயிருள்ளோருக்கிடையேயும் அதே எளிமையோடு கோடு கீறும் என்பது அவ்விடத்தில் வெளிப்படுகிறது.

இத்துறை முழுவதற்கும் பொதுவான குறையொன்றைக் கூறாது விடல் இயலாது. இந்நூல்களில் நோயாளி இல்லை. கடிபட்டவன் அக்கணம் வரை மனிதன். அடுத்த கணம் பகைவன். கடிபட்டதை மறைத்துக்கொண்டு உள்ளே நுழைபவன் இக்கதைகளில் ஒரு நிலையான பாத்திரம். 2011 இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம், புயல் முதலியவற்றுக்கு மக்கள் முன்னாயத்தஞ் செய்வதற்கு நடைப்பிணப் படையெடுப்பையே உவமையாக்கி அறிவுரை வெளியிட்டது. அந்த அளவுக்கு இக்கதைகள் பேரழிவின் ஒத்திகையாக மதிக்கப்பட்டன. ஆயின் 2020 இல் உண்மையான கொள்ளைநோய் உலகைச் சூழ்ந்தபோது நிகழ்ந்தது வேறு. அச்சமும் வெறுப்பும் அப்போதும் இருந்தன. எனினும் தாதியரும் வைத்தியரும் நோயுற்றோரை விட்டு ஓடவில்லை. ஆராய்ச்சியாளர் ஓராண்டு நிறையுமுன் தடுப்பூசி கண்டனர். வேலியையும் வாளையும் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதியோர், நோயாளியின் நெற்றியில் ஈரத்துணி வைக்கும் கையைப் பற்றி ஒரு பக்கமும் எழுதாதது ஏன்? ஹிக்சனின் கதையில் வருவோர் பிணங்களே அல்லர், நோயாளர். ஆயினும் அவரைக் குணப்படுத்தலாமா என்னும் எண்ணம் நெடுநேரம் எவருக்கும் தோன்றுவதில்லை. மேபெரியின் நாவலில் வழித்தங்கலொன்றில் வாழும் துறவியர் சிலர், நடைப்பிணங்களை உடன்பிறப்பாக எண்ணிப் பேணுகின்றனர். டொம் அவர்களைப் பரிவோடும், நூல் அவர்களைச் சிறிது ஐயத்தோடும் நோக்குகின்றன. அவர்களைப் பற்றி இன்னும் எழுதியிருக்கலாம்.

ஹெயிற்றியிற் பிறந்த கதை அடிமை வரலாற்றிற்கு மீண்டது 2018 இல். ஜஸ்டினா அயலண்ட் என்னும் கறுப்பின எழுத்தாளர் எழுதிய ‘அச்ச தேசம்’, அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 ஆம் ஆண்டு கெற்றிஸ்பேர்க் போர்க்களத்தில் வீழ்ந்தோர் எழுந்து நடப்பதாகத் தொடங்குகிறது. போர் நின்றுவிடுகிறது, வடக்கும் தெற்கும் பொதுப் பகைவனை எதிர்க்கின்றன. அடிமை முறை பெயரளவில் ஒழிகிறது. ஆயினும் கறுப்பினச் சிறாரும் செவ்விந்தியச் சிறாரும் போர்ப் பாடசாலைகளிற் சேர்க்கப்பட்டு, வெள்ளையருக்கும் பிணங்களுக்குமிடையே நிற்கப் பயிற்றப்படல் வேண்டும் என்று சட்டம் இயற்றப்படுகிறது. இது முழுக் கற்பனையன்று. செவ்விந்தியச் சிறாரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, மொழியும் பெயரும் மாற்றிய அரசாங்க விடுதிப் பாடசாலைகள் அமெரிக்க வரலாற்றில் உள்ளவை. பென்சில்வேனியாவிலுள்ள கார்லைலில் 1879 இல் நிறுவப்பட்டது அவற்றுட் பெயர்பெற்றது. பாடசாலை எப்போதும் விடுதலைக்கு வழி என்று நம்புவோர் இந்நாவலைப் படித்தல் நன்று.

கதை சொல்பவள் ஜேன் மக்கீன். கென்றக்கித் தோட்டமொன்றின் வெள்ளைத் தலைவிக்குப் பிறந்த கறுப்பு மகள் அவள். அப்பிறப்பே அவளுக்கு ஆபத்து. அவளது பேச்சு கூர்மையானது, குறும்பு மிக்கது. உண்மையை எப்போது சொல்வது, எப்போது மறைப்பது என்பதை நன்கறிந்தது. தாய்க்கு எழுதும் கடிதங்களில் அவள் மறைப்பவையும், அத்தியாயங்களில் அவள் சொல்பவையும் ஒன்றையொன்று மறுத்து நிற்கும் அழகு, இவ்வகை நாவல்களிற் பெரும்பாலும் காணப்படாதது. வெள்ளையரைப்போல் தோன்றும் நிறங்கொண்ட கெதரின் என்னும் உடன்மாணவிக்கும் அவளுக்கும் இடையே பகையாகத் தொடங்கி நட்பாக மாறும் உறவு, காதற் கதைகளினும் ஆழமானது. கன்சாசுச் சமவெளியிலுள்ள புதுக்குடியேற்றத்திற்கு இருவரும் கொண்டு செல்லப்பட்ட பின்னர் கதை சிறிது அகலித்துச் செறிவு குன்றுகிறது. ஊரை ஆளும் போதகரும் காவலதிகாரியும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள்.

அயலண்ட் செய்யாது விட்டதொன்று உண்டு. பிணங்களின் முன் நிறுத்தப்படும் அடிமையின் மகளை அவர் நன்கு கண்டார். ஆயின் எதிர்நின்று வரும் பிணங்கள் பெரும்பாலும் ரொமேறோவின் கூட்டமாகவே எஞ்சிவிட்டன. கெற்றிஸ்பேர்க்கில் எழுந்தோர் நீலச்சட்டையும் சாம்பற்சட்டையும் அணிந்த இளைஞர். அவருக்காகவும் எங்கோ ஒரு வீட்டிற் கடிதம் எழுதியோர் இருந்திருப்பர். மேபெரி பெயரை மீட்டார், வரலாற்றை மறந்தார். அயலண்ட் வரலாற்றை மீட்டார். ஜேன் விரும்பி ஏந்தும் படைக்கலம் அரிவாள். வயலிற் கதிரறுத்த கருவி. அது வீழும் கழுத்திற்குரியவன் பெயரை அவள் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்பதற்கு நேரமும் அவளுக்குத் தரப்படவில்லை.